ஒரு லட்சத்து மூன்று மத்தி

மீன் வந்தது, அவ்வளவுதான். எங்கிருந்து வந்தது, எதற்கு வந்தது என்று கேட்கிறவர்கள் கடலிடம் போய்க் கேட்டுக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்ததெல்லாம், ஐப்பசி மழை சற்றே விட்டிருந்த ஒரு காலையில், சங்குமேட்டு மாரியம்மன் கோயிலுக்கு எதிரே, வலை இல்லாமல், படகு இல்லாமல், அலைகூடச் சோம்பிக் கிடந்த நேரத்தில், ஒரே நீளமும் ஒரே எடையுமாக, எல்லாம் ஒரே பக்கம் கண்ணைத் திருப்பிக்கொண்டு, மத்தி மீன்கள் ஒரு குன்றாகக் குவிந்து கிடந்தன என்பதும், அதைக் கண்டு எவரும் வாயைப் பிளக்கவில்லை, கூடையைத் தேடித்தான் ஓடினார்கள் என்பதும்தான்.

எங்கள் ஊரில் வலையில் பட்டது வலைக்காரனுக்கு, கரையில் ஒதுங்கியது ஊருக்கு. ஊருக்கு என்றால் தலைக்கட்டுக்கு. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. அவன் செத்துப்போனால் அவன் பெண்டாட்டி அரைத் தலைக்கட்டு, இரண்டு கைம்பெண்கள் சேர்ந்தால் ஒரு கூறு. கல்யாணம் ஆகாதவன் தலையே இல்லாதவன். ஊர்விலக்கான வீட்டில் எத்தனை தலை இருந்தாலும் கணக்கில் ஒன்றும் கிடையாது. தலைக்கட்டுக்கு ஒரு கூறாக மணலில் மீனைக் கொட்டி, எல்லாக் கூறும் சமமான பிறகு ஊர்த்தலைவரான நாட்டார் கையைத் தட்டுவார், அதற்குப் பிறகுதான் யாரும் குனியலாம். சமமாகாமல் ஒருவன் தொட்டால் அடுத்த வருஷம் கடல் ஆள் கேட்கும் என்பது ஊரின் நம்பிக்கை. சமம் என்பதில் நாங்கள் அவ்வளவு சுத்தம். யார் யாருக்குள் சமம் என்பதில்தான் நாற்றம்.

அப்போது நாட்டார் கலியபெருமாள். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் விபூதிப் பொட்டலம், பேசும்போது எதிராளியைப் பார்க்காமல் கடலைப் பார்க்கும் பழக்கம். அவர் தம்பியின் படகில் வேலைக்குப் போன வைத்திலிங்கம் திரும்பி வரவில்லை. இன்ஜின் பழுது என்று தெரிந்தே அனுப்பினார்கள் என்று வைத்திலிங்கத்தின் பெண்டாட்டி தையல்நாயகி ஊர்க்கூட்டத்தில் சொன்னாள், ஊர் கடலைப் பார்த்தது, அவள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். ஊர் வழக்கை ஊருக்கு வெளியே கொண்டுபோனால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே தண்டனைதான். அன்றிலிருந்து வடக்குக் கோடியிலிருந்த அவள் வீட்டோடு யாரும் பேசுவதில்லை, குழாயடியில் அவள் குடம் வந்தால் மற்றக் குடங்கள் விலகிக்கொள்ளும், அவள் விற்கும் கருவாட்டை வெளியூரான்தான் வாங்குவான்.

அதோடு போயிருந்தால் அவள் பொறுத்திருப்பாள். அவளுக்கு ஒரு மகள், அமுதவல்லி. தெற்கே புன்னைத்துறையில் நல்ல இடம், பையனுக்குச் சொந்தப் படகு, பெண்ணைப் பிடித்துப் போயிற்று. ஆனால் கரையோரத்தில் எந்தக் கல்யாணமும் ஊர்ப்பாக்கு இல்லாமல் நடக்காது. பெண்ணின் ஊர் நாட்டார் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, இன்ன தலைக்கட்டின் பெண் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும். தலைக்கட்டே இல்லாதவள் மகளுக்கு எந்தத் தட்டு? தை பிறந்தால் பார்க்கலாம், பாக்கு வரட்டும் என்று பையனின் அம்மா பட்டம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள். தையல்நாயகி மூன்று தடவை கலியபெருமாள் வாசலில் போய் நின்றாள். மூன்று தடவையும் அவர் கடலைப் பார்த்தார்.

இந்த நிலையில்தான் மீன் வந்து கிடந்தது.

எண்ணினோம். எங்கள் பெண்கள் மீன் எண்ணுகிறபோது ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று ராகம் இழுத்து, நூறு சேர்ந்தால் ஒரு கிளிஞ்சலை மடியில் போட்டு, கிளிஞ்சல் சேரச் சேர ராகம் மாறி, உச்சி வெயில் சாய்ந்து போகும்வரை எண்ணி, கடைசியில் ஒரு லட்சத்து மூன்று என்று சொன்னார்கள். நாற்பத்திரண்டு தலைக்கட்டு. கூறுக்கு இரண்டாயிரத்து முந்நூற்று எண்பத்தொன்று. நாற்பத்திரண்டு கூறும் கோயில் முன்னால் சமமாக, பளபளவென்று, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன. நடுவில் ஒரு மீன் மிச்சம்.

ஒன்றிரண்டு மிஞ்சினால் நறுக்கிக் காக்கைக்குப் போடுவது வழக்கம். அரிவாள்மனையை எடுத்து வந்தார்கள், மீனின் மேல் அது மழுங்கியது. கத்தியை எடுத்து வந்தார்கள், அதுவும் மழுங்கியது. காக்கை வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. பூனைக்குப் போட்டால் பூனை அதைச் சுற்றி நடந்து அப்பால் போய்ப் படுத்துக்கொண்டது. போகட்டும் சனியன் என்று கலியபெருமாள் அதைத் தூக்கிக் கடலில் எறிந்துவிட்டுக் கையைத் தட்ட, நாற்பத்திரண்டு பேரும் குனிய, நாற்பத்திரண்டு கூறும் மணலில் வழுக்கிக்கொண்டு ஓடிப்போய் நடுவில் ஒன்றாகக் குவிந்தன. எறிந்த மீன் எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருந்தது. மறுபடி எண்ணினோம். ஒரு லட்சத்து மூன்று.

திருடியவர்களும் உண்டு. யார் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் எல்லோரும்தான். முந்தானையில் முடிந்துகொண்டு போனவள் வீட்டுக்குப் போய் அவிழ்த்தால் முடிச்சுதான் இருந்தது. சட்டியில் போட்டு மூடியவள் மூடியைத் திறந்தால் புளித்தண்ணீர்தான் கொதித்தது. சமமாகப் பிரித்தால் போவேன், இல்லாவிட்டால் இங்கேயே கிடப்பேன் என்று அந்தக் குவியல் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள்தானே சமம் சமம் என்று அதற்குக் கற்றுக்கொடுத்தவர்கள்.

பிறகு அழுக ஆரம்பித்தது.

அழுகல் என்றால் உங்களுக்குத் தெரிந்த அழுகல் இல்லை. செவுள் கறுத்து, வயிறு வெடித்து, மஞ்சளாக ஒரு நீர் வடிந்து கோயில் படியைத் தொட்டது. புழு வைத்தது, புழு தின்றது, தின்று தீரவில்லை, புழு கொழுத்துச் செத்தது, மீன் அப்படியே கிடந்தது. நாற்றம் முதலில் மூக்கில் இருந்தது, அப்புறம் சோற்றில் இருந்தது, அப்புறம் துவைத்த வேட்டியில், தலையணைப் பஞ்சில், அம்மனுக்குச் சாத்திய அரளிப் பூவில், கைக்குழந்தை குடிக்கும் பாலில் இருந்தது. ஐஸ் லாரிக்காரன் பாலத்தைத் தாண்டி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். மாப்பிள்ளைகள் மாமியார் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்கள், அது ஒன்றுதான் நல்லது.

மீனைக் குறைக்க முடியாது என்று ஆனதும் தலையைக் கூட்டலாம் என்று ஊர் முடிவு செய்தது. கூட்டுவதற்கு என்ன வழி? கல்யாணம். மீசை வைத்தவனைப் பிடித்துக் குளிப்பாட்டி மணையில் உட்காரவைத்தார்கள். குதிரைமுகம் என்று எவளும் சம்மதிக்காமல் கிடந்த பஞ்சநாதத்துக்குக்கூட ஒரு பெண் கிடைத்தது, பாவம், அவளுக்கு ஜலதோஷம், நாற்றம் தெரியவில்லை. ஊர்ப்பாக்கு அள்ளி அள்ளி வழங்கப்பட்டது. கேட்டவருக்கும் பாக்கு, கேட்காதவருக்கும் பாக்கு, தையல்நாயகி மகளைத் தவிர. நாற்பத்து மூன்று தலைக்கட்டு ஆயிற்று, பிரித்தோம், இருபத்தெட்டு மீன் மிஞ்சியது. நாற்பத்து நாலு, முப்பத்தைந்து மிஞ்சியது. நாற்பத்தைந்து, பதின்மூன்று மிஞ்சியது, சரி, குறைகிறது என்று சந்தோஷப்பட்டார்கள். நாற்பத்தாறாவதாக, பெண்டாட்டி செத்துக் கணக்கிலிருந்து கழிந்துபோன, பேரன் எடுத்த ஒரு கிழவனுக்குத் தாலி எடுத்துக் கொடுத்துக் கட்டவைத்தார்கள். பிரித்தால், கடைசிக் கூறில் ஒரு மீன் குறைந்தது. ஒன்றே ஒன்று. பக்கத்து ஊர்ப் படகில் ஒரு மத்தி வாங்கி வந்து அந்தக் கூறில் வைத்தார்கள். மற்ற மீன்கள் நகர்ந்து அதைத் தள்ளி வெளியே விட்டன. ஊர்விலக்கு அதற்கும் தெரிந்திருந்தது.

அந்தக் கூட்டத்தில்தான் கலியபெருமாளின் பெண்டாட்டி சொர்ணவல்லி, மூக்கில் முந்தானையை அழுத்திக்கொண்டு, வடக்குக் கோடி வீட்டையும் சேர்த்து ஒரு தடவை பிரித்துப் பார்த்தால் என்ன என்று கேட்டாள். அப்படிச் சேர்த்தாலும் மிச்சம் வரும் என்றார் கலியபெருமாள். உண்மைதான், அவளை ஒன்றாகவே வைத்தாலும் நாற்பத்தேழுக்கும் வரும், முப்பத்து நாலு மிஞ்சும். ஆனால் அவர் வகுத்துப் பார்க்காமலே அதைச் சொன்னார்.

கடைசியில் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் கிறிஸ்துராஜைக் கூட்டிவந்தார்கள். டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். மூக்கில் கற்பூரத் துணியைக் கட்டிக்கொண்டு குவியலை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார், மணலில் குச்சியால் நெடுநேரம் வகுத்தார், பிறகு நிமிர்ந்தபோது அந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. எங்கள் குடல் வாய்க்கு வந்துகொண்டிருக்கிறது, அவர் பிள்ளை பெற்றவள் மாதிரி சிரிக்கிறார். எனக்கு அவரையும் பிடிக்கவில்லை.

இது பகா எண் என்றார். எத்தனை கூறு போட்டாலும் சமமாகாது, மிஞ்சும் அல்லது குறையும். எல்லாத் தலைக்கட்டையும் முயன்று பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை, வகுக்கிற எண் எப்போதும் புருஷன் பெண்டாட்டி மாதிரி ஜோடியாகத்தான் வரும், ஒன்று பெரியது என்றால் அதன் ஜோடி சிறியது, முந்நூற்றுப் பதினாறு வரைக்கும் எதுவும் சிக்கவில்லை என்றால் அதற்கு மேலே இருப்பவற்றுக்கு ஜோடி கிடையாது, தேடுவதை நிறுத்திவிடலாம் என்றார். இதைவிடப் பெரியது உண்டா என்று யாரோ பயந்துபோய்க் கேட்டார்கள். முடிவே கிடையாதாம். இதுதான் கடைசி என்று ஒன்றை நீங்கள் காட்டினால், அதுவரைக்கும் உள்ள பகா எண்களை எல்லாம் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் போதுமாம், கணக்கில் வராத ஒன்று அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்குமாம்.

"அப்ப இதை என்னதான் சார் பண்றது?" என்றார் கலியபெருமாள்.

"ரெண்டே வழி. ஒரே கூறா வைக்கலாம். இல்லன்னா ஒரு லட்சத்து மூணு கூறா வைக்கலாம், ஆளுக்கு ஒண்ணு."

"ஒண்ணுங்கறதும் இந்தப் பகா எண் சாதிதானா?"

"இல்லீங்க. அது பகா எண்ணும் இல்ல, பகு எண்ணும் இல்ல. அதை மட்டும் தள்ளி வச்சிருக்கோம்."

"என்ன தப்புப் பண்ணிச்சு?"

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல," என்றார் வாத்தியார். "சேத்துக்கிட்டா எங்க கணக்கு குழம்பிடும். ஆனா எந்த எண்ணையும் அது மிச்சமில்லாம வகுக்கும்."

யாரும் வடக்குப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பாமல் இருப்பதற்கு எங்கள் ஊரில் நல்ல பயிற்சி உண்டு.

ஒரே கூறு என்றதும் கலியபெருமாள் முகம் தெளிந்தது. ஊர் என்றால் ஒன்றுதானே என்றார். ஒன்றுதான் என்றோம். அந்த ஒன்றுக்குத் தலை யார் என்றார். நாங்கள் மணலைப் பார்த்தோம். அப்படியென்றால் மொத்தமும் ஒரே கூறாக என் வீட்டுக்கு வரட்டும், கோழித்தீவனக் கம்பெனிக்கு அழுகின மீனும் ஆகும், அப்புறம் ஊருக்கு ஏதாவது செய்துகொள்ளலாம் என்றார். ஏதாவது என்றால் என்ன என்று ஒருத்தன் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் நாற்றம் உள்ளே போகும் என்பது ஒரு காரணம். கூடை கூடையாக நாங்களே சுமந்து கொண்டுபோய் அவர் முற்றத்தில் கொட்டினோம், அதுவரை எங்கே கொண்டுபோனாலும் திரும்பி ஓடிவந்த மீன், ஓட்டிவிட்ட ஆடு பட்டிக்குள் போகிற மாதிரி, சத்தமில்லாமல் அவர் வீட்டுக்குள் போய் அடைந்தது. கடற்கரை சுத்தமாயிற்று. வாத்தியார் சொன்னது சரிதான்.

தீவன லாரி வந்தது, ஏற்றினார்கள், உப்பளம் தாண்டியதும் டிரைவர் இறங்கிப் பார்த்தால் வண்டி காலி. ஒருவன் பங்கு என்று ஏற்றுக்கொண்ட பிறகு அது அந்த ஒருவனோடுதானே இருக்கும். மீன் கலியபெருமாள் வீட்டுக் கூடத்தில் இருந்தது, படுக்கையறையில் இருந்தது, பத்தாயத்தில் அரிசிக்கு மேலே இருந்தது, சுவரில் மாட்டியிருந்த அவர் அப்பா படத்துக்குப் பின்னால் இரண்டு இருந்தன. ஜன்னல் வழியாக மஞ்சள் நீர் வழிந்து தெருவில் ஒரு வாய்க்கால் பிடித்து ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் சமமாகப் போயிற்று. சொர்ணவல்லி டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். கிளம்பும்போது தெருவில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி, "ஒரு பொம்பளைக்கு ஒரு பாக்குக் குடுக்க வக்கில்லாம ஊரையே எடுத்து வூட்டுக்குள்ள வச்சுக்கிட்டாரு" என்றாள். அந்த வீட்டில் கொஞ்சம் நல்ல மூக்கு அவளுக்குத்தான்.

மிஞ்சியது இரண்டாவது வழி. ஆளுக்கு ஒன்று, ஒரு லட்சத்து மூன்று ஆள். ஆட்டோவில் மைக் கட்டி அனுப்பினோம். எங்கள் ஊரார் நின்றது போக, கரையோர ஊர்கள் எல்லாம் வந்தன, இரக்கப்பட்டு இல்லை, காற்று திரும்பும்போது நாற்றம் அவர்களுக்கும் போனது. உப்பளத்து ஆட்கள் வந்தார்கள், வயற்காட்டு ஆட்கள் வந்தார்கள், ஊருக்கு வெளியே ரோட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருந்து கலியபெருமாளின் தெருவில் ஒரு நாளும் செருப்போடு நடக்காதவர்கள் செருப்போடு வந்தார்கள், டவுன் கல்லூரிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக, மூக்கைப் பிடித்துக்கொண்டு, செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வரிசை கோயிலைச் சுற்றி, சவுக்குத் தோப்பைச் சுற்றி, பாலத்தைத் தாண்டிப் போயிற்று.

பங்கு கலியபெருமாளுடையதாகிவிட்டதால் அவர் கையாலேயே கொடுக்க வேண்டும், அவர் வாயாலேயே எண்ண வேண்டும். முதலில் வந்தது பக்கத்து ஊர்க் கைம்பெண் ஒருத்தி, கைக்குழந்தையோடு. கலியபெருமாள் தயங்கினார். அவர் கை ஒரு மீனை எடுத்து இரண்டு பேருக்குமாக நீட்டியது. மீன் கையைவிட்டு வரவில்லை, ஒட்டிக்கொண்டு கிடந்தது. வாத்தியார் பின்னாலிருந்து, தலைக்கு ஒண்ணு நாட்டாரே, அரைக்கணக்கு கிடையாது என்றார். அவளுக்கு ஒன்று, குழந்தையின் துணிக்குள் ஒன்று. அப்புறம் போயிற்று வரிசை. லாபம், ரெண்டு, மூணு என்று வெயிலிலும் தூறலிலும் அவர் எண்ணிக்கொண்டே நின்றார், குரல் போய்க் கிணற்றுத் தவளை மாதிரி ஆயிற்று, முழங்கை வரைக்கும் கொழகொழவென்று அழுகல் வழிந்தது, வெள்ளைச் சட்டை என்ன நிறம் என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. வாழ்நாளில் அவர் தொட்டிராத கைகளை எல்லாம் தொட்டார். வாங்கினவர்கள் அதைத் தென்னை அடியில் புதைத்துவிட்டுக் கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டு போனார்கள். மீன் திரும்பவில்லை. வீடு குறையக் குறைய ஊர் மூச்சு விட ஆரம்பித்தது.

புன்னைத்துறைக்காரர்கள் ஒரு டெம்போவில் வந்து இறங்கினார்கள், பட்டம்மாள் முன்னால், மகன் பின்னால். வரிசையில் நிற்பதற்கு முன் அவள் நேராக வடக்குக் கோடிக்குப் போனாள். என்ன பேசினாள் என்று தெரியாது. வரும்போது அமுதவல்லி கையைப் பிடித்துக்கொண்டு வந்து, தன் ஆட்களுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டாள். கலியபெருமாள் முகத்தைப் பார்க்காமலே பெண்ணின் கையிலும் ஒரு மீனை வைத்தார், வைத்த பிறகுதான் யாரென்று பார்த்தார், அதற்குள் வாய் எண்ணிவிட்டிருந்தது.

"இது எங்க பொண்ணு," என்றாள் பட்டம்மாள். "தையில முகூர்த்தம்."

"ஊர்ப்பாக்கு வாங்கலியே," என்றார் அவர், அந்த நிலையிலும்.

பட்டம்மாள் அவரை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தாள். "இந்தக் கையாலயா?" என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வரிசை முடிந்தது. ஒரு லட்சத்து இரண்டு பேர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கலியபெருமாள் வீட்டு வாசற்படியில் ஒரே ஒரு மீன்.

பஸ்ஸில் போன ஒருத்தரை இறக்கிக் கூட்டிவந்து எடுக்கச் சொன்னார்கள், அவர் விரல் வழுக்கிற்று. ஆஸ்பத்திரியில் அன்றைக்குப் பிறந்த பிள்ளையைக் கொண்டுவந்து அதன் கையை வைத்துப் பார்த்தார்கள், பிள்ளை அழுதது, மீன் அசையவில்லை. ஊரிலே ஒருத்தி எண்ணப்படாமல் இருக்கும்போது வெளியாள் கைக்கு அது வரவில்லை. போன மீன்கள் புதைத்த இடத்தில் மண்ணை முட்ட ஆரம்பித்திருக்கின்றன என்று அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து சொன்னார்கள். பாலத்துப் பக்கமிருந்து மறுபடி நாற்றம் கிளம்பியது. அப்போதுதான் எல்லாக் கழுத்துகளும் வடக்கே திரும்பின. எவ்வளவு சுலபமாகத் திரும்பின என்பதைப் பார்க்க வேண்டும்.

ஊரே போயிற்று. கலியபெருமாள் ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம் வைத்து, பக்கத்தில் வாழையிலையில் அந்த மீனையும் வைத்து ஏந்திக்கொண்டு போனார். அவர் கையில் அது வந்தது, என்ன இருந்தாலும் அவர் பங்குதானே. வழியெல்லாம் அந்த மஞ்சள் நீர் இலையிலிருந்து சொட்டிக்கொண்டே வந்தது. தையல்நாயகி வாசலில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. கருவாட்டின் மேல் துணியை மூடினாள், அவ்வளவுதான். எங்கள் நாற்றம் அதில் ஏறிவிடுமாம்.

"தங்கச்சி," என்றார் கலியபெருமாள். நாங்கள் எல்லோரும் தங்கச்சி, அக்கா, சித்தி, மதினி என்று அவளுக்கு என்னென்ன முறையோ அத்தனையையும் அன்றைக்கு ஞாபகப்படுத்திக்கொண்டோம்.

அவள் கையை நீட்டவில்லை. பாக்கு இனி தனக்குத் தேவையில்லை என்றாள். மீன்தான் பிரச்சினை என்றால் வாங்கிக்கொள்கிறேன், அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் பாவம் என்றாள். ஆனால் எண்ணிக் கொடுக்க வேண்டும், ஊர்க்கூட்டத்தில் தள்ளிவைத்தபோது எப்படிப் பெயர் சொல்லி உரக்கச் சொன்னீர்களோ, அப்படியே பெயர் சொல்லி, எத்தனை தலைக்கட்டு என்று சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றாள்.

இவ்வளவுதானா என்று ஊருக்கு உயிர் வந்தது. பூசாரி தொண்டையைச் செருமினார். கலியபெருமாள் நிமிர்ந்து நின்றார். அவர் அப்பா நாட்டாராக இருந்து, தாத்தா நாட்டாராக இருந்து, எத்தனையோ திருவிழாவில், எத்தனையோ கூறில், எத்தனையோ சாவில் அந்தக் குடும்பத்து வாய் சொல்லிச் சொல்லித் தடம் பதிந்த அதே ராகத்தில், போன குரலை இழுத்துப் பிடித்துச் சொன்னார்:

"செத்துப்போன வைத்திலிங்கம் பொண்டாட்டி தையல்நாயகி, அரைத் தலைக்கட்டு."

வாத்தியார் நெற்றியில் அடித்துக்கொண்டார். கலியபெருமாளுக்குத் தான் என்ன சொன்னோம் என்று கொஞ்ச நேரம் புரியவே இல்லை. புரிந்த பிறகும், என் கண்ணால் பார்த்தேன், அவர் உதடு குவிந்தது, 'ஒரு' என்று தொடங்கக் குவிந்தது, அப்படியே நின்றது. ஒரு லட்சத்து இரண்டு பேருக்கு ஒன்று ஒன்று என்று கொடுத்த மனுஷன். வரிசையில் நீண்ட கைக்கு ஒன்று என்று கொடுப்பது வேறு, அது கைதான். எங்கள் ஊர்க் கைம்பெண்ணைப் பெயர் சொல்லி ஒரு தலைக்கட்டு என்று சொல்வதற்கு அவர் வாய்க்குள் ஓர் எலும்பு ஒடிய வேண்டியிருந்தது. பின்னால் நின்ற தலைக்கட்டுகளில் ஒருத்தனாவது ஒன்று என்று எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஒருத்தனுக்கும் அதில் தப்பு இருப்பதாகவே தோன்றவில்லை. அரைதானே வழக்கம் என்று இரண்டு பேர் முணுமுணுக்கவும் செய்தார்கள்.

தையல்நாயகி கோபப்படவில்லை. கருவாட்டுக் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"சரி நாட்டாரே," என்றாள். "அரை மீனா வெட்டி எடுத்துட்டு வாங்க. வாங்கிக்கறேன்."

கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, எங்களுக்கு நடுவில் புகுந்து நடந்தாள், நாங்கள் குழாயடிக் குடங்கள் மாதிரி விலகினோம். பாலத்தருகே புன்னைத்துறை டெம்போ நின்றுகொண்டிருந்தது. தையில் கல்யாணம் நடந்தது, பாக்கு இல்லாமல். எங்கள் ஊரில் எவனுக்கும் அழைப்பு இல்லை.

அந்த மீன் கோயில் முன்னால், அரிவாள்மனைக்கு மேலே கிடக்கிறது. காலையில் எழுந்ததும் முறை வைத்து ஆளுக்கு ஒரு தடவை வெட்டுகிறோம். அரிவாள் போய்விட்டது, கோடாரி போய்விட்டது, மரம் அறுக்கும் ரம்பத்தை டவுனிலிருந்து வாடகைக்குக் கொண்டுவந்தார்கள், பல்லெல்லாம் கொட்டிவிட்டது. சரிபாதியாக வெட்ட வேண்டுமே என்று கலியபெருமாள் தினமும் நூல் பிடித்து நடுவில் ஒரு கோடு போடுகிறார். நாற்றத்துக்கு எல்லோரும் பழகிவிட்டார்கள் என்கிறார்கள். நேற்று புதிதாக வந்த மருமகள் ஒருத்தி மூக்கை மூடிக்கொண்டபோது, என்ன நாற்றம் என்று அவளிடம் கேட்டார்கள்.

தூ.